சவுதி வீட்டு விருந்து: கஹ்வா முதல் கப்ஸா வரை முழுமையான வழிகாட்டி

அரபு சாப்பாடு என்றதும் நம்மில் பலருக்கு ஷவர்மா, குழிமந்தி, ஹம்மஸ் மூன்றும்தான் நினைவுக்கு வரும். ஷவர்மாவும் ஹம்மஸும் லெபனான், சிரியா பக்கத்துச் சாப்பாடு. மந்தி ஏமனில் உள்ள ஹள்ரமௌத் பகுதிக்காரர்களுடையது. ரியாத்திலோ புரைதாவிலோ ஒரு பழைய குடும்பத்தின் மதியச் சாப்பாட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். மொராக்கோவில் வெள்ளிக்கிழமை என்றால் கூஸ்கூஸ், ஜோர்டானில் விருந்து என்றால் மன்ஸஃப், கெய்ரோ தெருவில் குஷரி. இத்தனையையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால் யாருக்கும் பயன்படாது. அதனால் இந்த வழிகாட்டியில் சவுதி வீட்டுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். ஆனால் பத்து வருடம் அங்கே இருந்தும் ஒரு அரபு வீட்டின் விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடாமலே ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. முதலாளியோ கூட வேலை பார்ப்பவரோ கூப்பிட்டாலும், முறை தெரியாதே என்ற கூச்சத்தில் தட்டிக் கழித்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையே இல்லை. அங்கே விருந்துக்கு ஒரு வரிசை உண்டு. அது தெரிந்தால் போதும், மற்றதை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வார்.

ஒரு நாளின் சாப்பாடு

காலையில் ஃபூல். காய்ந்த மொச்சை போன்ற ஒரு அவரைப் பருப்பை இரவெல்லாம் மெல்லிய தீயில் வேகவைத்து, மசித்து, ஆலிவ் எண்ணெய், சீரகம், எலுமிச்சை சேர்த்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள தமீஸ். தந்தூர் அடுப்பில் சுட்ட, முறம் போல் அகலமான ரொட்டி. ஆப்கானியர் கொண்டுவந்து சவுதித் தெருக்களில் ஊன்றிவிட்டது. கடை வாசலில் தாளில் சுற்றித் தரும்போது கை சுடும். நம் தொழிலாளர்கள் பலருக்கும் இதுதான் காலைச் சாப்பாடு.

மதியம்தான் பெரிய சாப்பாடு. லுஹர் தொழுகை முடிந்து, பள்ளி விட்டு, அலுவலகம் விட்டு எல்லோரும் வீடு சேர இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். சோறு அப்போதுதான். இரவுச் சாப்பாடு வீட்டில் லேசாக இருக்கும். ஆனால் விருந்து என்று வந்துவிட்டால் இஷா தொழுகைக்குப் பிறகுதான், பத்து மணிக்கு மேலும் போகும். எட்டு மணிக்கே இரவுச் சாப்பாடு முடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கிளம்பும் முன் ஏதாவது லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

அழைப்பு வந்துவிட்டது: வாசலில் இருந்து தொடங்குவோம்

வெறுங்கையோடு போனாலும் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். எடுத்துப் போவதென்றால் நல்ல பேரீச்சம்பழமோ இனிப்போ ஒரு பெட்டி. செருப்பை மஜ்லிஸ் வாசலிலேயே விட்டுவிடுங்கள். மஜ்லிஸ் என்பது விருந்தினரை உட்கார வைக்கும் அறை. சுவரோரம் சுற்றிலும் மெத்தை, சாய்ந்துகொள்ள திண்டு. மரபு பேணும் வீடுகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, தனித்தனிச் சாப்பாடு. மனைவியோடு போனால் அவரை வீட்டுப் பெண்கள் வந்து அழைத்துப் போவார்கள். வீட்டுக்காரரின் மனைவியைப் பற்றி நீங்களாக நலம் விசாரிக்க வேண்டாம். "குடும்பத்தார் நலமா" என்று பொதுவாகக் கேட்டால் போதும்.

உள்ளே போனதும் ஸலாம் சொல்லி, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, காட்டும் இடத்தில் உட்காருங்கள். பாதத்தின் அடிப்பக்கம் எதிரில் இருப்பவரைப் பார்க்கும்படி காலை நீட்டக் கூடாது.

கஹ்வா: இங்கேதான் கவனம் வேண்டும்

சாப்பாட்டுக்கு முன் கஹ்வா எனும் அரபு காபி வரும். 2015-இல் சவுதி, எமிரேட்ஸ், ஓமன், கத்தார் நான்கும் சேர்ந்து இதை யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலில் ஏற்றின. 2022-ஐ சவுதி அரசு "சவுதி காபி ஆண்டு" என்றே கொண்டாடியது. நம் டிகிரி காபியை எதிர்பார்த்து வாயில் வைத்தால் திகைப்பாக இருக்கும். கொட்டையை லேசாக மட்டும் வறுத்திருப்பதால் பொன் நிறம். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஏலக்காய் மணம்தான் முன்னால் நிற்கும், பின்னால் குங்குமப்பூவோ கிராம்போ. தேவையான இனிப்பைப் பக்கத்தில் இருக்கும் பேரீச்சம்பழம் தரும். முதல் மடக்கில் பிடிக்காமல் போனாலும் விட்டுவிடாதீர்கள். ஒரு பழம் கடித்துவிட்டு இரண்டாவது மடக்கு குடித்துப் பாருங்கள், கசப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று இழுப்பது புரியும்.

ஊற்றுகிறவர் கூஜா போன்ற தல்லாவை இடக்கையிலும், அடுக்கிய ஃபிஞ்சான் கோப்பைகளை வலக்கையிலும் பிடித்திருப்பார். பெரியவர் அல்லது முக்கிய விருந்தினரிடம் தொடங்கி வலப்பக்கமாக வருவார். கோப்பையின் கால் பாகம்தான் ஊற்றுவார். அது கஞ்சத்தனம் இல்லை, ஆறுவதற்குள் குடித்துவிட்டு மறுபடி வாங்கிக்கொள்ளத்தான். வலக்கையால் வாங்குங்கள், வலக்கையால் திருப்பிக் கொடுங்கள்.

கோப்பையைச் சும்மா நீட்டினால் மறுபடி நிரப்பிவிடுவார். போதும் என்றால் கோப்பையை விரல்களில் பிடித்து இடமும் வலமுமாக இரண்டு முறை லேசாக ஆட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒன்றிலிருந்து மூன்று கோப்பை வரை குடிப்பது வழக்கம். முதல் கோப்பையை மறுப்பது மட்டும் நன்றாக இருக்காது. குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்துவிடவும் கூடாது. பாலைவன நாடோடிகளான பெதூயின்களின் வழக்கப்படி அதற்கு அர்த்தம், விருந்தினர் ஏதோ கோரிக்கையோடு வந்திருக்கிறார், அது நிறைவேறும் வரை குடிக்க மாட்டார் என்பது.

பேரீச்சையிலும் ஊர்ப் பெருமை உண்டு. கஸீம் பக்கத்து சுக்கரி வாயில் போட்டதும் கரையும். மதீனாவின் அஜ்வா கறுத்து, சதை இறுகி, தித்திப்பு மட்டாக இருக்கும். அல் அஹ்ஸாவின் கலாஸ் கருப்பட்டி நிறம். எந்த ஊர்ப் பழம் என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும். சொந்தத் தோட்டத்துப் பழம் என்றால் அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. கொட்டையை அதற்கென்று வைத்திருக்கும் கிண்ணத்தில் போடுங்கள்.

சுஃப்ரா: ஒரே தாம்பாளம், பல கைகள்

"தஃபழ்ழல்", அதாவது "வாருங்கள்" என்று சொல்லி எழுப்புவார்கள். கை கழுவிவிட்டு வந்தால் தரையில் சுஃப்ரா விரித்திருக்கும். இப்போது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு. பழைய காலத்தில் பேரீச்ச ஓலையில் பின்னிய வட்டத் தட்டி. நடுவில் பெரிய தாம்பாளத்தில் கப்ஸா: சோற்று மலை, அதன் மேல் இறைச்சி. சுற்றிலும் சின்னக் கிண்ணங்களில் தக்காளி மிளகாய்த் துவையல், வெள்ளரி சாலட், லபன் எனப்படும் மோர்.

சம்மணம் போட்டோ, ஒரு முழங்காலை மடக்கி உயர்த்தியோ நெருக்கி உட்காருவார்கள். "பிஸ்மில்லாஹ்" சொல்லித் தொடங்குவார்கள். வீட்டுக்காரர் தொடங்கச் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

சாப்பிடும் முறைக்கு மூன்றே விதி. வலக்கையால் சாப்பிட வேண்டும். தனக்கு முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் உச்சியைக் கலைக்காமல் ஓரத்திலிருந்து உள்ளே போக வேண்டும். மூன்றுமே நபிமொழியிலிருந்து வருவதால் முஸ்லிம் வாசகர்களுக்குப் பழகியவைதான். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரே தாம்பாளத்தில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் சாப்பாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விரிப்பில் அந்நியமே தெரியாது.

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள்தான், ஆனாலும் அந்தச் சோறு முதலில் கைக்கு அடங்காது. பொன்னி அரிசியும் குழம்பும் சேர்ந்தால் தானே உருண்டு வரும். கப்ஸா சோறு உதிரி உதிரியாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள்: ஒரு துண்டு இறைச்சியைச் சோற்றோடு சேர்த்து, உள்ளங்கையில் வைத்து இரண்டு மூன்று முறை அழுத்துவார்கள். இறைச்சிச் சாறு பிடித்து உருண்டை ஆனதும், கட்டைவிரலால் நெம்பி வாய்க்குள் தள்ளுவார்கள். விரல் உதட்டில் படாது. பொதுத் தட்டு என்பதால் இது முக்கியம். வரவில்லையா, ஸ்பூன் கேளுங்கள். இப்போது பல வீடுகளில் அவர்களே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். யாரும் குறையாக நினைப்பதில்லை.

இனி விருந்தோம்பலின் உச்சம். நீங்கள் பாட்டுக்குச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பீர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் தொடைக்கறியைக் கையாலேயே பிய்த்து, எலும்பை ஒதுக்கி, நல்ல சதையாகப் பார்த்து உங்கள் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்துக்கொண்டே இருப்பார். அவர் தட்டுப் பக்கம் பார்த்தால் அவர் சாப்பிட்டது நாலு வாய்கூட இருக்காது. மறுக்காமல் சாப்பிடுங்கள். ஆனால் மெதுவாகச் சாப்பிடுங்கள். வேகமாக முடித்தால் வேகமாக வந்து சேரும். முழு ஆடு வைக்கும் விருந்தில் ஈரலும் வால் கொழுப்பும் மதிப்புக்குரிய துண்டுகள். பிடிக்காவிட்டால் கொஞ்சம் சுவைத்துவிட்டு மீதியைப் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.

பொதுத் தட்டில் மீதி இருப்பது வழக்கம்தான். பெரிய விருந்துகளில் முதல் பந்தி எழுந்ததும் இளையவர்கள் அடுத்து உட்காருவார்கள். அதையும் தாண்டி மிஞ்சுவதை டப்பாக்களில் நிரப்பித் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கத் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. அதனால் தட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

வயிறு நிறைந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லி எழுந்து கை கழுவப் போகலாம். வீட்டுக்காரர் "இன்னும் சாப்பிடவே இல்லையே" என்று கட்டாயப்படுத்துவார். இரண்டு தடவை மறுத்தால் விட்டுவிடுவார்.

தேநீர், அப்புறம் ஊத் புகை

மறுபடி மஜ்லிஸ். இப்போது சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத சிவப்புத் தேநீர், புதினாவோடு, நல்ல இனிப்பாக. உண்மையான பேச்சு இப்போதுதான் சூடு பிடிக்கும். வேலை விஷயம் ஏதாவது இருந்தால் இப்போது பேசலாம், சுஃப்ராவில் வேண்டாம்.

கடைசியில் மப்கரா என்ற தூபக்காலில் ஊத் எனும் அகில் கட்டை புகைந்து வரும். கையால் புகையை முகத்துக்கும் சட்டைக்கும் இழுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துங்கள். ஊத் வந்த பிறகு உட்காருவது இல்லை என்று வளைகுடாவில் ஒரு பழமொழியே உண்டு. அது வந்துவிட்டால் கிளம்பும் நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் வாய்விட்டுப் போகச் சொல்லாமல், மணத்தாலேயே வழியனுப்புகிற இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

வீட்டில் கஹ்வா போடுவது

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். லேசாக வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த அரபு காபித்தூள் மூன்று மேசைக்கரண்டி போட்டு, தீயைக் குறைத்து பத்திலிருந்து பதினைந்து நிமிடம் விடவும். பொங்கி வழியப் பார்க்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். இறக்கி ஐந்து நிமிடம் வைத்தால் தூள் அடியில் தங்கும். ஒரு பிளாஸ்கில் இடித்த ஏலக்காய் ஒரு மேசைக்கரண்டியும் ஒரு சிட்டிகை குங்குமப்பூவும் போட்டு, மேல் தெளிவை அதில் வடித்து, மூடி பத்து நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் கறுக்க வறுத்த தூளில் இது வரவே வராது. பச்சைக் கொட்டை வாங்கி வாணலியில் வைக்கோல் நிறம் வரும்வரை மட்டும் வறுத்துப் பொடித்தால் வரும். ஏலக்காய்க்கு நமக்குப் பஞ்சம் இல்லை: போடிநாயக்கனூரில் ஏலம் போகும் இடுக்கி ஏலக்காய்க்கு சவுதி பழைய வாடிக்கையாளர். கஹ்வா குடிக்கும் ஊர் என்பதால்தான் அவ்வளவு ஏலக்காய் வேண்டியிருக்கிறது.

கப்ஸா, படிப்படியாக

பிரியாணி செய்கிற கைக்கு கப்ஸா எளிது. ஒரு பழக்கத்தை மட்டும் அடக்க வேண்டும்: மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கக் கூடாது. காரம் வேண்டுமானால் துவையலில் வைத்துக்கொள்ளலாம். சோற்றில் காரம் ஏறினால் லூமியின் புளிப்பும் இறைச்சியின் ருசியும் அமுங்கிவிடும்.

லூமி என்பது எலுமிச்சையை உப்பு நீரில் கொதிக்கவைத்து வெயிலில் கறுத்து இறுகும்வரை காயவைத்தது. உள்ளே காய்ந்து லேசாகி, ஆட்டினால் விதை சலசலக்கும். ஒரு புகைவாசம், ஒரு புளிப்பு, ஓரத்தில் மெல்லிய கசப்பு. இதற்கு எலுமிச்சைச் சாறு ஈடாகாது. வளைகுடாவிலிருந்து யாராவது வந்தால் கால் கிலோ வாங்கிவரச் சொல்லுங்கள், ஒரு வருடத்துக்குக் கெடாது.

ஐந்து பேருக்கான அளவு: தோலோடு ஒரு கோழி, சுமார் 1.2 கிலோ, நான்கு துண்டுகளாக. பாஸ்மதி மூன்று கப். பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி மூன்று, தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, பூண்டு ஆறு பல், துருவிய கேரட் ஒன்று, லூமி இரண்டு. முழு மசாலாவாக ஏலக்காய் ஐந்து, கிராம்பு ஐந்து, ஒரு துண்டு பட்டை, பிரிஞ்சி இலை இரண்டு. பொடியாக மல்லி இரண்டு தேக்கரண்டி, மிளகு ஒன்று, சீரகம் ஒன்று, மஞ்சள் அரை. மேலே தூவ உலர்திராட்சையும் பாதாமும் ஒவ்வொரு கைப்பிடி.

அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். பூண்டும் முழு மசாலாவும் சேர்த்து ஒரு நிமிடம். பிறகு கோழியைப் போட்டு எல்லாப் பக்கமும் வெளுக்கத் திருப்புங்கள். தக்காளி, விழுது, கேரட், பொடிகள், உப்பு போட்டு, தக்காளி குழைந்து எண்ணெய் பிரியும்வரை வதக்கவும்.

லூமியில் கத்தி முனையால் இரண்டு துளை மட்டும் போட்டு முழுசாகப் போடுங்கள். உடைத்துப் போட்டால் விதையின் கசப்பு குழம்பில் இறங்கிவிடும். ஆறு கப் வெந்நீர் ஊற்றி, மூடி, மிதமான தீயில் 35 நிமிடம். ஆட்டுக்கறி என்றால் ஒன்றரை மணி நேரம் வரை போகும், தண்ணீரும் கூடுதலாக வேண்டும்.

வெந்த கோழியை எடுத்து, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி, 220 டிகிரி சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவனில் வையுங்கள். தோல் சிவந்து மொறுமொறுக்க வேண்டும். அவன் இல்லாவிட்டால் தோசைக்கல் போதும்.

இனி சாற்றை அளக்க வேண்டும். கண் மதிப்பு வேண்டாம், கப்பில் அளந்துவிடுங்கள். ஊறிய அரிசி மூன்று கப்புக்குச் சாறு நாலரை கப். கூடினால் எடுத்து வையுங்கள், குறைந்தால் வெந்நீர் சேருங்கள். உப்பைச் சுவைத்துப் பாருங்கள், சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். கொதித்ததும் அரிசியை வடித்துப் போட்டு, ஒரே ஒரு முறை கிளறி, சாறு அரிசி மட்டத்துக்கு வற்றியதும் தீயைச் சிம்மில் வைத்து இறுக்கமாக மூடவும். பதினைந்து நிமிடம். அடுப்பை அணைத்து இன்னும் பத்து நிமிடம் திறக்காமல் விடுங்கள். செல்லா எனும் புழுங்கல் பாஸ்மதி என்றால் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கப்புக்கு இரண்டு கப் சாறு.

திராட்சையையும் பாதாமையும் வறுத்து எடுங்கள். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கவிழ்த்து, கோழியை மேலே வைத்து, இவற்றைத் தூவி நடுவில் வையுங்கள். தனித் தட்டில் பரிமாறாமல் ஒரு முறையாவது வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

துவையல், அதாவது தக்கூஸ்: இரண்டு தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு, உப்பு, கொத்தமல்லித்தழை, எலுமிச்சைச் சாறு. கொரகொரப்பாக அடித்தால் முடிந்தது. மோரில் உப்பு மட்டும் போதும், தாளிக்க வேண்டாம்.

கப்ஸாவுக்கு அடுத்து

சவுதிக்காரர்களே தங்கள் தேசிய உணவு என்று 2023-இல் அறிவித்தது கப்ஸாவை இல்லை, ஜரீஷை. உடைத்த கோதுமையை மோரும் இறைச்சிச் சாறும் விட்டுக் குழைய வேகவைத்து, மேலே வதக்கிய வெங்காயம். பார்க்க நம் கோதுமைக் கஞ்சி போலத்தான் இருக்கும். புளிப்பும் வெங்காயத்தின் இனிப்பும் சேரும்போது தனி ருசி. ரியாத்தைச் சுற்றியுள்ள நஜ்த் பகுதி வீடுகளில் பாட்டிமார் செய்வது. கடையில் நன்றாக அமைவது அபூர்வம், வீட்டில் கிடைத்தால் விடாதீர்கள். தாயிஃப் பக்கம் போனால் சலீக்: பாலும் சாறும் விட்டுக் குழைத்த வெள்ளைச் சோறு, காரமே இல்லாதது. வயிறு சரியில்லாத நாளில் அதைவிட ஆறுதலான சாப்பாடு எனக்குத் தெரியாது.

ரமலானில் வரிசை மாறும். இஃப்தாருக்கு அழைத்தால் சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்குக் கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தாமதமாகப் போவது இங்கே மட்டும் பெரிய குறை. பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும், கொஞ்சம் கஹ்வா, சம்பூசா, ஓட்ஸ் அல்லது கோதுமை போட்ட சூப். ஊதா நிற விம்டோ சர்பத் இல்லாத வீடு அரிது. அதோடு நிறுத்தி, எல்லோரும் தொழுகைக்கு எழுந்துவிடுவார்கள். பெரிய சாப்பாடு அதற்குப் பிறகுதான் வரும், சில வீடுகளில் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்துகூட வரலாம். சம்பூசாவிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள்.